எறும்புச் சிலந்திக்கு எத்தனை கால்?

கண்டியில் இறங்கிய முதல் நாள் காலையில் நான் தின்றது ஒரு முதலையை. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில், நீளமாக முறுக்கி மேலே சீனி தூவிய பன் ஒன்றை அடுக்கி வைத்திருந்தார்கள். 'கிம்புலா பனிஸ்' என்றார் கடைக்காரர். கிம்புலா என்றால் சிங்களத்தில் முதலையாம். நீளம் சரி. முதுகின் சொரசொரப்புக்குச் சீனி சரி. ஆனால் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு கால்கூட இல்லை. அந்த வாரம் முழுக்க எந்த உயிரைக் கண்டாலும் காலை எண்ணிப் பார்க்கும் வியாதி எனக்கு இருந்தது. அந்த வியாதிதான் என்னைத் திருச்சியிலிருந்து இங்கே கொண்டுவந்து விட்டது.

நான் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். சிற்றுயிர்களைப் பற்றிய ஒரு நூலுக்கு வரைந்து முடித்திருந்தேன். அதில் ஒரு படம் எறும்புச் சிலந்தி. மரங்களில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் சிவப்பு முசுறு எறும்புகளின் அக்கம்பக்கத்தில், முசுறைப் போலவே உடம்பை வைத்துக்கொண்டு பிழைக்கும் சிலந்தி அது. முசுறு கடிக்கும் என்பதால் குருவியும் குளவியும் அதன் பக்கம் வருவதில்லை. அந்த மரியாதையில் இதுவும் ஓசியில் பங்கு வாங்கிக்கொள்கிறது. இனத்தால் இது குதிக்கும் சிலந்தி. ஆகவே எட்டுக் கால் வரைந்தேன்.

அச்சுக்குப் போகுமுன் படங்களைப் பார்வையிட மூன்று பேர் கொண்ட குழு ஒன்றைப் பதிப்பகத்தார் அமைத்திருந்தார்கள். குழுத் தலைவர் என்னை அழைத்தார்.

"ஏம்மா, எறும்புக்கு ஏது எட்டுக் கால்?"

"இது எறும்பு இல்ல சார், சிலந்தி."

"பாத்தா எறும்பு மாதிரி இருக்கே?"

"அதுதான் சார் அதோட விசேஷமே."

குழு கூடிப் பேசியது. எறும்பு மாதிரி என்று சொல்லிவிட்டு எட்டுக் கால் போட்டால் பிள்ளைகளுக்கு எப்படி நம்பிக்கை வரும் என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் சமாதான விரும்பி. ஏழு போட்டால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு இருக்காது என்றார். கடைசியில் ஆறு என்று முடிவானது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நிபுணர் கடிதம் இருந்தால் பார்க்கலாம் என்றார் தலைவர். எங்கள் ஊர்க் கல்லூரி விலங்கியல் பேராசிரியரிடம் வாங்கித் தருவதாகச் சொன்னேன். "உள்ளூர்க் கடுதாசி வேணாம்மா. ஃபாரின்லேருந்து ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார். ஒரு வாரம் தவணை.

இந்தச் சிலந்தி இந்தியாவிலும் இருக்கிறது, இலங்கையிலும் இருக்கிறது, தெற்குச் சீனா, தென்கிழக்கு ஆசியா என்று அதன் ராஜ்யம் பெரியது. என் வீட்டுக் கொல்லை மாமரத்திலும் இருக்கிறது. அது உள்ளூர்ச் சிலந்தி என்பதால் செல்லாது. கடிதம் வராவிட்டால் ஆறு கால் சிலந்தி என் பெயரோடு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போகும். பெயரை எடுத்துவிடுங்கள் என்று கோபித்துக்கொண்டால் அடுத்த புத்தகங்கள் வேறு ஓவியருக்குப் போகும். ஆகவே, கிட்டத்தில் இருக்கும் 'ஃபாரின்' எது என்று பார்த்தேன். கண்டியில் ஃபஸ்லியா இருந்தாள்.

ஃபஸ்லியா கட்டுகஸ்தோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். என் வயதுதான். சிலந்திப் படங்களை ஃபோனில் பரிமாறிக்கொண்டே பல வருடமாகச் சினேகிதிகளாக இருந்தோம். நேரில் பார்த்ததில்லை. எறும்புச் சிலந்தியைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு தெரிந்தவர்கள் அதிகம் இருக்க முடியாது. ஆனால் டீச்சர் கடிதம் போதாது, பேராசிரியர் கடிதம்தான் வேண்டும் என்று குழு முன்கூட்டியே சொல்லிவிட்டது.

கட்டுகஸ்தோட்டைக்குப் பேருந்தில் போனேன். எங்கள் ஊர் நடத்துநர் "உள்ள போ, உள்ள போ" என்பார். இங்கே "இஸ்ஸரஹட்ட யன்ன" என்றார், முன்னால் போகச் சொல்கிறார் என்று பக்கத்துப் பெண் சொன்னாள். முன்னால் ஓட்டுநர்தான் இருந்தார். இருந்தாலும் எல்லோரும் முன்னால் போனார்கள், எப்படியோ இடமும் வந்தது. மகாவலிப் பாலத்தைத் தாண்டி என்னை இறக்கிவிட்டபோது, என் தோள்பை இன்னும் உள்ளே ஒருவர் முழங்கையில் மாட்டியிருந்தது. அவர் அதை ஜன்னல் வழியாக நீட்டிச் சிரித்தார்.

ஃபஸ்லியா வாசலிலேயே நின்றாள். கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, "கோவிச்சுக்காதீங்க சாந்தி."

"என்னாச்சு?"

"பின்னால வந்து பாருங்க."

பின்னால் ரம்புட்டான் மரம் நின்றது. அவள் அனுப்பிய படங்களில் பாதிக்கு மேல் அந்த மரத்தில் எடுத்தவை.

"மரம் ஈக்கி. முசுறுதான் இல்ல. பக்கத்து வீட்டாக்கள் பழம் பறிக்க எண்டு முந்தாநாள் பொகை போட்டுட்டாங்க. நான் ஸ்கூல்ல. வந்து பாக்கக்கொள்ள ஒண்டுமில்ல."

முசுறு போனால் அதன் நிழலில் பிழைக்கும் சிலந்தியும் போய்விடும். நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, இடியாப்பமும் தேங்காய்ச் சம்பலும் சொதியும் வைத்துச் சாப்பிடச் சொன்னாள். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். இங்கே சம்பலில் மிளகாய்க்குப் பஞ்சமில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அதைச் சம்பலின் கணக்கில் எழுதிவிட்டேன்.

மறுநாள் பேராசிரியர். பிலிமத்தலாவையில் ஓய்வாக இருக்கிறார். எங்கள் குழுத் தலைவருக்கு யாரோ சொல்லி, யாரோ மூலம் கிடைத்த பெயர். பேருந்தில் நடத்துநர் ஊர்ப் பெயரைச் சொல்லி இறக்கிவிடுவார் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்லத்தான் செய்தார், ஆனால் எல்லா ஊர்ப் பெயரையும் ஒரே மூச்சில் சொன்னார். மலைப்பாறை சாலைமேல் கவிழ்ந்து நிற்கும் கடுகண்ணாவைக்குப் போன பிறகுதான் பிலிமத்தலாவை எப்போதோ தாண்டிவிட்டது தெரிந்தது. அங்கே இறங்கி, பால் இல்லாமல் இஞ்சி போட்ட பிளேன்டீ ஒன்று குடித்து, எதிர்ப் பேருந்தில் திரும்பினேன். டீயோடு சீனியைத் தனியாகக் கையில் கொடுத்தார்கள். ஒரு நக்கு சீனி, ஒரு மிடறு டீ. நம் ஊரில் கலக்கிக் கொடுத்துவிடுகிறார்கள், இந்த வேலை நமக்குக் கிடைப்பதில்லை.

பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். இடுப்பில் வெள்ளைச் சாரமும் கைவைத்த பனியனுமாக வரவேற்றார். "வாங்கோ, வாங்கோ. உந்தக் கதிரையில இருங்கோ. உங்களுக்காக அலுமாரி முழுக்கத் தேடி எடுத்து வைச்சனான்." மேசையில் ஒரு சிறு கண்ணாடிப் போத்தல். உள்ளே ஸ்பிரிட்டில் எறும்புச் சிலந்தி ஒன்று கிடந்தது. நிறம் போய் வெளுத்திருந்தது. ஆனாலும் அதன் வேலைப்பாடு தெரிந்தது. சிலந்திக்குத் தலையும் மார்பும் ஒரே துண்டு, பின்னால் வயிறு. எறும்புக்கோ தலை தனி, மார்பு தனி, இடுப்பு நூல்போல. இந்தச் சிலந்தி தன் ஒரே துண்டை நடுவில் இறுக்கிப் பிடித்த மாதிரி ஒடுக்கி, தலையும் மார்பும் தனித்தனி என்று காட்டிவிடுகிறது. இடுப்பையும் நீட்டிக்கொள்கிறது. எறும்பின் பெரிய கண் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்துக்கு ஒரு கரும்புள்ளி. உண்மையான கண்கள் எட்டு. முன்னால் இருக்கும் இரண்டுதான் பெரியவை.

"சார், உங்களுக்குச் சிலந்திதான் துறையா?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. என்ர துறை நத்தை. சிலந்தி படிச்ச ஆக்களெல்லாம் வெளிநாட்டில. இஞ்ச கேட்டால் என்னைத்தான் காட்டுவினம்." இடுக்கியின் முனையால் போத்தலைத் தட்டித் தட்டி எண்ணினார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு... ஆறு."

"சிலந்திக்கு எட்டு இல்லையா சார்? முன்னங்கால் ரெண்டும் உடைஞ்சு போயிருக்கும். அதைத்தான் தூக்கிக்கிட்டு எறும்போட உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கிட்டே நடக்கும்."

"ஓம், பொதுவா எட்டுத்தான். ஆனா மாதிரி கண்ணுக்கு முன்னால கிடக்குதெல்லே. நான் காணாததை எழுத ஏலாது. எழுதினால் அது பொய்."

அவ்வளவு நேர்மையான மனிதரை நான் அதற்குமுன் சந்தித்ததில்லை, சந்தித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 'என்னிடமுள்ள மாதிரியில் ஆறு கால்கள் உள்ளன' என்று அழகான கையெழுத்தில் எழுதித் தந்தார். என் எதிர்க்கட்சிக்குத் தேவையான கடிதத்தை நானே கடல் கடந்து வந்து வாங்கிவிட்டேன். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது ஒரு யோசனையும் சொன்னார். "உயிரோட காண வேணுமெண்டால் ஹேவாஹெட்ட பக்கம் போங்கோ. மலையில எல்லாம் கிடக்கும்."

மூன்றாம் நாள் ஃபஸ்லியா லீவு போட்டாள். நம் ஊர் ஆட்டோதான் அங்கே த்ரீவீல், அதில் ஹேவாஹெட்டவுக்கு ஏறினோம். அவளுக்கு முதலிலேயே சந்தேகம்தான். "முசுறு குளிருக்கு ஏறாது எண்டுதான் நான் நினைக்கிற. ஆனா பேராசிரியர் சொல்லீக்காரே" என்றாள். படித்தவர் சொன்னால் நாமே பார்த்ததையும் ஒரு நிமிடம் சந்தேகப்படுகிறோம். ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. மாமரமும் பலாமரமும் குறைந்து தேயிலை மட்டும் மிஞ்சியது. ஒரு வளைவில் வண்டி இருமி நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி, இன்ஜினைப் பார்த்து, அது ஓய்வெடுக்கிறது என்றார்.

அங்கே பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் முசுறு எங்கே இருக்கும் என்று கேட்டேன். செல்வமணி என்று பெயர் சொன்னார்.

"முசுறா? இங்கிட்டு ஏதுங்க? அட்டை வேணும்னா இருக்கு, காலுல பாருங்க."

பார்த்தேன். இருந்தது. அதற்கும் கால் இல்லை.

உப்புத்தூள் போட்டு அதை எடுத்துவிட்டபடியே, "என்னாத்துக்குத் தேடுறீங்க? எந்த ஊரு நீங்க?" என்றார் செல்வமணி.

"திருச்சி. முசுறு கூடவே எறும்பு மாதிரி ஒரு சிலந்தி இருக்கும். அதைப் பார்க்க வந்தோம்."

"திருச்சியில முசுறு இல்லீங்களா?"

"இருக்கு."

"அந்தச் சிலந்தி?"

"அதுவும் இருக்கு."

அவர் என்னையும் ஃபஸ்லியாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அங்க இருக்குறத விட்டுப்புட்டு, இல்லாத எடத்துல வந்து தேடுறீங்க" என்றார். கிண்டல் இல்லை, பரிதாபம்தான். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஓய்வெடுத்த இன்ஜின் இறக்கத்தில் தானாகவே விழித்துக்கொண்டது. ஃபஸ்லியா கொண்டுவந்திருந்த மீன் பனிஸை ஓட்டுநரும் சேர்த்து மூன்று பேரும் ஈரத்தோடு தின்றபடி இறங்கினோம்.

நான்காம் நாள் காலை குழுத் தலைவர் ஃபோனில் வந்தார். "கடுதாசி கெடைச்சுதாம்மா?" கிடைத்தது என்றேன். "எத்தனை கால்?" ஸ்கேன் செய்து அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டேன். சாப்பிடவும் பிடிக்கவில்லை. இருபது வருடமாக இலையின் நரம்புவரை பார்த்துப் பார்த்து வரைந்தவள், தெரிந்தே ஒரு பொய்க்குக் கீழே பெயர் போடப் போகிறேன் என்று நினைக்கும்போது என் கைகளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஃபஸ்லியா ஆறுதல் சொல்ல முயலவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பாலத்தடியில் அவளுடைய நானா, அதாவது அண்ணன், கடை வைத்திருக்கிறார். ஜவுஃபர் நானா. கொப்பி என்கிற நோட்டு, பேனா, போட்டோ கொப்பி, ஸ்கேன். கூடவே அவர் சமாதான நீதவான். இலங்கையில் எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாளைக் கொண்டுபோனாலும் சமாதான நீதவானின் கையெழுத்தும் வட்ட முத்திரையும் இருந்தால்தான் தாளுக்கு உயிர். கடையில் பொருள் வாங்க வருபவர்களைவிட முத்திரைக்கு வருபவர்கள்தான் அதிகம். அன்று ஒரு பெண் தன் பிள்ளையின் பிறப்புச் சான்றின் நகலை நீட்டினாள். நானா மூலத்தையும் நகலையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

எங்கள் முறை வந்தது. கடிதத்தை மெஷினில் வைக்க மூடியைத் தூக்கினார். கண்ணாடிமேல் ஒரு முசுறு நடந்துகொண்டிருந்தது. கடைக்குப் பின்னால் மாமரம், அதன் கிளை ஜன்னலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுட தொல்லை பெருந்தொல்லை" என்று நானா கோடு போடும் மரச் சட்டத்தை ஓங்கினார்.

முசுறு அவரைத் திரும்பிப் பார்த்தது. எறும்பு யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த நொடி அது ஒரு சாண் தூரம் பாய்ந்து மூடிமேல் உட்கார்ந்தது.

"நானா, அடிக்காதீங்க!" ஃபஸ்லியா போட்ட சத்தத்தில் வெளியே போன ஒருவர் உள்ளே வந்துவிட்டார்.

காலியான மிட்டாய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தோம். பெண் சிலந்தி. தங்கச் செந்நிறம், இழுத்துக் கட்டிய இடுப்பு, முன்னால் இரண்டு 'உணர்கொம்பு' துறுதுறுவென்று ஆடுகின்றன. நான் நடந்த கதை எல்லாவற்றையும் கொட்டினேன். நானா கேட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"நான் எழுதித் தாரேன். ஆனா எனக்குக் காட்டாம கையெழுத்து வெக்க மாட்டேன். இப்ப எண்ணுவோம்." எண்ணினார். "ஆறு."

"முன்னால ஆடுதே நானா, அதுவும் கால்தான்" என்றாள் ஃபஸ்லியா.

"அது கொம்பு."

"கால் நானா."

"உனக்குக் கால். எனக்குக் கொம்பு. நடக்கிறதுதான் கால்."

சிலந்தி அடிப்பக்கத்தில் சுற்றிச் சுற்றி வந்தது, கொம்பை ஆட்டியபடி. மூன்று பேரும் போத்தலில் மூக்கு முட்டக் குனிந்திருந்தோம். கடைக்கு வந்தவர்களும் குனிந்தார்கள். கடைசியில் அதற்கே அலுத்துப்போய் வழவழப்பான கண்ணாடிச் சுவரில் ஏறத் தொடங்கியது. பாதி ஏறியதும் சறுக்கியது. சறுக்கிய அந்தக் கணத்தில் வேடமாவது ஒன்றாவது, முன்னால் தூக்கியிருந்த இரண்டையும் கீழே போட்டுக் கண்ணாடியைப் பற்றிக்கொண்டது. எட்டும் வரிசையாக ஊன்றி, கிடுகிடுவென்று மேலே போனது.

"கொம்பால நடக்குது!" என்றார் நானா. மூன்று தடவை எண்ணினார். ஒவ்வொரு தடவையும் பென்சிலால் தாளில் கோடு போட்டார். எட்டு, எட்டு, எட்டு.

அதோடு விடவில்லை. ஒன்றை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைப்பது முறையில்லை என்று பின்பக்கம் நாற்காலி போட்டு ஏறி மாமரத்தில் தேடினார். அங்கேதான் ஆண் கிடைத்தது. ஆணுக்கு முன்தாடை உடம்பின் பாதிக்குமேல் நீண்டு, நுனி தடித்து இருக்கும். பார்த்தால் ஒரு முசுறு இன்னொரு குட்டி முசுறைக் கவ்விக்கொண்டு போவது போலவே தெரியும். வேறொரு ஆணைக் கண்டால் அந்தத் தாடையை வாள்போல் விரித்துச் சண்டைக்கு நிற்கும். இது இலையின் அடியில் தன் சின்னப் பட்டுக் கூட்டின் ஓரமாக, உண்மையான முசுறுகள் வரும்போதெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி நின்றது. வேடம் போட்டாலும் எறும்பிடம் நெருங்க அதற்குப் பயம். நானாவுக்கு அந்தப் பயம் இல்லாததால் கழுத்திலும் காதிலும் கடி வாங்கினார். கடி வாங்கிக்கொண்டே எண்ணினார். அதற்கும் எட்டு. நான் மரத்தடியிலேயே உட்கார்ந்து இரண்டையும் வரைந்தேன்.

கடிதம் இப்படி இருந்தது: 'கட்டுகஸ்தோட்டையில் வியாபாரம் செய்பவரும் சமாதான நீதவானுமாகிய நான், எறும்பைப் போன்ற மேற்படி சிலந்திகள் இரண்டையும் என் கண்ணால் கண்டு, தலா மும்முறை எண்ணியதில், ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கால்கள் இருந்தன என இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.' கீழே வட்ட முத்திரை, மூன்று மொழியில்.

பேராசிரியரிடம் சொல்லாமல் போவது சரியில்லை என்று ஃபஸ்லியா ஃபோன் போட்டாள். அவர், "கொஞ்சம் பொறுங்கோ" என்று போனார். வெகுநேரம் கழித்து வந்தார். "பிள்ளை, போத்தலின்ர அடியில ரெண்டு கால் கிடக்குது. லேபிள் மறைச்சிட்டுது. எனக்கு வெக்கமாக் கிடக்கு." அன்றைக்கே திருத்தக் கடிதமும் எழுதி, பேருந்தில் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பினார்: 'சிலந்தியில் ஆறு, அடியில் இரண்டு, ஆக எட்டு.'

ஊர் திரும்பிக் குழுவின் முன்னால் எல்லாவற்றையும் வைத்தேன். தலைவர் படத்தைப் பார்க்கவில்லை. முத்திரையை வெளிச்சத்தில் பிடித்து மூன்று மொழியையும் தடவிப் பார்த்தார். "பாத்தியா, ஃபாரின் ஃபாரின்தான்" என்றார். எட்டுக் கால் ஒப்புதல் ஆனது. ஏழு சொன்னவர் மட்டும் கடைசிவரை வருத்தமாகவே இருந்தார்.

புத்தகம் வந்ததும் கண்டிக்கு மூன்று பிரதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து ஜவுஃபர் நானா அழைத்தார். குரலில் உத்தியோக மிடுக்கு.

"சாந்தி தங்கச்சி, புத்தகம் கிடைச்சிச்சி, மாஷா அல்லாஹ், அழகா ஈக்கி. மொதப் பக்கத்துலேந்து எல்லாத்தையும் எண்ணிக்கொண்டு வாரேன். நாப்பத்தோராம் பக்கத்து நண்டுக்கு, கொடுக்கையும் சேத்து, ஒம்பது கால்தானே ஈக்கி?"

அந்த நண்டை நான் அவசரத்தில், எந்த நண்டையும் பார்க்காமல், தாளில் இடம் போதாமல் வரைந்தது நினைவுக்கு வந்தது.

"பத்தாவது கால் பாறைக்குப் பின்னால இருக்கு நானா."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நீங்க போய்ப் பாத்தீங்களா?" என்றார்.